பூஜ்யம் இருந்த வீடு

ஜீப்பில் ஏறியதும் பெரியம்மா முன்சீட்டில் உட்கார்ந்து பெட்டியை மடியில் வாங்கிக்கொள்வாள். பள்ளம் வரும்போதெல்லாம் அதை இரண்டு கையாலும் கொஞ்சம் தூக்கிப் பிடிப்பாள். அப்போதுதான் தூங்கின குழந்தையை வைத்திருக்கிறாள் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். பெட்டிக்குள் இருப்பது ஒரு சுருள்வில்லும் அதன் நுனியில் தொங்கும் சின்ன எடையும்தான். பூமி அந்த எடையை எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று அது காட்டும். நிலம் எழும்பினால் இழுப்பு ஒரு துளி குறையும். இறங்கினால் ஒரு துளி கூடும். அந்தத் துளியைப் பிடிப்பதுதான் பெரியம்மாவின் உத்தியோகம்.

எங்கள் ஊருக்கு அது தேவைப்பட்டது. இரண்டு பேர் ஒரு துணியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுப்பதுபோல இங்கே நிலம் மெல்ல மெல்ல இழுபடுகிறது. இழுபட்ட இடத்தில் நெடுக ஒரு பிளவு. அதன் மேல் அணைந்துபோன எரிமலை வாய்களும் ஆவி விடும் பொந்துகளும் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவிலேயே தெருக்கள், பள்ளிக்கூடம், பேருந்து நிலையம் எல்லாம் இருந்தன. ஆழத்தில் உருகிய பாறை இருக்கிறது. எப்போதாவது அது பிளவுக்குள் ஏறிப் பார்க்கும். அப்போது பூமி குலுங்கும், ஏதோ ஓர் இடத்தில் நிலம் வீங்கும். எந்த இடம் என்று கண்டுபிடிக்க ஆய்வு அலுவலகம் ஊர் முழுக்கச் சிமெண்டில் பித்தளை ஆணிகளைப் பதித்திருந்தது. செயற்கைக்கோளிலிருந்து நிலத்தை அளக்கும் வசதியெல்லாம் அப்போது எங்கள் பக்கம் வரவில்லை. பெரியம்மாதான் ஆணி ஆணியாகப் போய்ப் பெட்டியை வைத்து அளந்து வருவாள்.

மூன்று கால் தட்டின் திருகுகளைத் திருப்பி, கண்ணாடிக்குள் இருக்கும் நீர்க்குமிழியை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். பக்கத்தில் யாராவது காலை மாற்றி வைத்தால்கூட உள்ளே எடை ஆடிவிடும். "அசையாதீங்க!" என்று பெரியம்மா ஒரு சத்தம் போடுவாள். சைக்கிளில் போகிறவர் காலை ஊன்றி நிற்பார். சண்டை போடுகிறவர்கள் பாதி வார்த்தையில் நிறுத்துவார்கள். ஊரில் அவளுக்கு 'அசையாதக்கா' என்றே பெயர்.

"போட்டோக்காரன்கூட சிரிங்கன்னுதான் சொல்லுவான். உங்கக்கா ஒருத்திதான் மூச்சே விடாதேங்கறது" என்பார் அப்பா. அவர் கீழ்த்தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். வேலையில் அவரும் அதையேதான் சொல்வார் என்பதை அம்மா அவருக்கு நினைவுபடுத்துவாள்.

பெட்டிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. உள்ளே எப்போதும் ஒரே சூடு இருக்க வேண்டும். வெளியே போகும்போது மாட்டும் பேட்டரி ஒரு பகலுக்குத்தான் தாங்கும், இரவெல்லாம் சுவர் மின்சாரம் வேண்டும். மின்சாரம் அறுந்தால் சுருள்வில் சுணங்கிவிடும், மறுபடி நிதானத்துக்கு வர நாளாகும். அலுவலகத்தில் மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. மேல்தெருவில் பெரியம்மாவின் வீட்டுக்கு வந்த கம்பியோ மருத்துவமனைக்குப் போகும் கம்பி. அது நிற்பதே இல்லை. அதனால் பெட்டி அவள் வீட்டில், கட்டிலின் தலைமாட்டில், ஒரு முக்காலியின் மேல் குடியிருந்தது. பெட்டி அங்கே இருந்ததால் தினமும் முதல் அளவையும் அங்கேயே எடுத்தார்கள். பின்வாசல் படிக்குக் கீழே கறுத்த பாறை துருத்திக்கொண்டிருந்த இடத்தில் ஓர் ஆணி பதித்தார்கள். காலையில் அந்த ஆணியில் தொடங்கி, ஊரைச் சுற்றி, மாலையில் அதே ஆணிக்கு வந்து முடிக்க வேண்டும். பகல் முழுக்கச் சுருள்வில் எவ்வளவு தளர்ந்தது என்று அதில் தெரிந்துவிடும். மற்ற எல்லா ஆணிகளுடைய அளவும் அந்த ஆணியிலிருந்து எவ்வளவு வித்தியாசம் என்றுதான் கணக்கு. அந்த ஆணிக்கு மட்டும் கணக்கே கிடையாது. அதன் அளவு பூஜ்யம்.

பெரியம்மாவுக்கு அதில் ஒரு பெருமை. பின்வாசல் படியில் யாரும் செருப்பு விட முடியாது. பக்கத்து வீட்டுத் தையல்காரர் வேலியோரம் நின்று, "உங்க பூஜ்யத்துக்கு நாளைக்கு ஒரு உறை தைச்சுத் தரவா, குளிருமே?" என்று கேட்பார்.

"முதல்ல என் ஜாக்கெட்டைத் தைங்க. போன மழைக்குக் குடுத்தது."

"தைக்கலாம். நீங்க அளவு சொல்லும்போதும் அசையாம நிக்கறீங்க, கழுத்து எங்க திரும்பும்னே தெரியல."

வீடு வாங்குகிறவர்கள்கூட அவளிடம் வந்து கேட்டுவிட்டுப் போவார்கள். "மேல்தெரு கெட்டிப் பாறை. இத்தனை வருஷத்துல ஒரு நூல் அசைஞ்சதில்ல" என்பாள். அவள் சொன்னது பொய் இல்லை. அளவைத் தாள்களில் மேல்தெரு அசையவே இல்லை.

அந்த வருடம் சின்னச் சின்ன அதிர்வுகள் தொடங்கின. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். அப்பா சவரக்கத்தியைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டு, முடிந்ததா என்று கூரையைப் பார்த்து, பிறகு தொடர்வார். நிலநடுக்கமானிகள் அதிர்வின் இடம் மேல்தெருவுக்கும் கீழ்த்தெருவுக்கும் நடுவில் ஆழத்தில் எங்கோ என்று மட்டும் காட்டின. பெரியம்மா பெட்டியோடு ஊரைத் திரும்பத் திரும்பச் சுற்றினாள். மேல்தெருவை விட்டுத் தள்ளிப் போகப் போக இழுப்பு கூடியிருந்தது. அப்படியானால் அந்த இடங்களெல்லாம் இறங்குகின்றன என்று அர்த்தம். அலுவலகத்தில் போட்ட வரைபடத்தில் மேல்தெரு வெள்ளையாக இருந்தது. கீழ்த்தெரு முழுக்கச் சிவப்பு.

அறிவிப்பு வருவதற்கு முன்பே பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கிளம்புங்க. என் வீட்டுக்கு வந்துடுங்க."

"எத்தனை நாளைக்குக்கா?" என்று அம்மா கேட்டாள்.

"நாள் கணக்கெல்லாம் இல்லடி. இந்தத் தெரு கீழ போயிட்டிருக்கு."

அம்மா தரையைப் பார்த்தாள். அது எப்போதும் போலத்தான் இருந்தது. "கடை?" என்றார் அப்பா. அவரும் பெரியம்மாவை அக்கா என்றுதான் கூப்பிடுவார். "அக்கா, கடையை விட்டுட்டு நான் மேல்தெருவுல என்ன பண்றது? பாறைக்கா முடி வெட்டறது?"

"உயிர் இருந்தா யாருக்கு வேணா வெட்டலாம்."

அம்மா பாத்திரங்களை இறக்கத் தொடங்கினாள். சின்ன வயதிலிருந்தே அவள் அக்காவின் வார்த்தையை மறுத்ததில்லை. அப்பா கடையை வந்த விலைக்குக் கைமாற்றினார். வாங்கினவரிடம் கண்ணாடியை மட்டும் திருப்பிக் கேட்டுப் பார்த்தார், அவர் தரவில்லை. கீழ்த்தெருவிலிருந்து பாதிப் பேர் மேலே ஏறினார்கள். காலியாக இருந்த அறைகள் நிறைந்தன. பள்ளிக்கூடத்து மாடியிலும் பாய் விரித்தார்கள்.

பெரியம்மா வீட்டில் இரண்டு அறை, சமையலறை, பின்வாசல். முன்னறையை எங்களுக்குக் கொடுத்தாள். நான் அவளோடு படுத்தேன். தலைமாட்டில் பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. வந்த கொஞ்ச நாளில் பின்வாசல் கதவு அடியில் உரசத் தொடங்கியது. அப்பா இழைப்புளி வாங்கிவந்து சீவிவிட்டார். மறு வாரம் மறுபடி உரசியது.

"இவ்வளவு பேர் வந்து இறங்கினா கதவு என்ன பண்ணும், மூச்சு முட்டுது" என்றார் அப்பா.

அம்மாவுக்கு அந்த வீட்டில் பிடித்த ஒரே விஷயம் சமையலறைக் குழாய். காலையில் திறந்தால் வெதுவெதுவென்று வரும். பாத்திரத்தில் பிசுக்கு நிற்காது. "மேல்தெருத் தண்ணியே தனி" என்று கீழ்த்தெருவிலிருந்து வந்த மற்றவர்களிடமும் சொன்னாள். அவர்களும் ஆமாம் என்றார்கள்.

அலுவலகத்துக்குப் புதிதாக ஓர் ஆய்வாளர் வந்திருந்தார். என்ன கேட்டாலும் சுவரில் படம் போட்டு விளக்குவார், அதனால் 'வாத்தியார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீட்டுக்கு வந்தார். சாப்பிடச் சொன்னோம். கை கழுவச் சமையலறைக்குப் போனவர் குழாயை மூடவே இல்லை. தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"இது சுடுதண்ணிக் குழாயா?" என்றார்.

"பச்சைத் தண்ணிதான் தம்பி. இங்க அப்படித்தான் வருது. அடுப்பு மிச்சம்" என்றாள் அம்மா.

"வெயில்ல குழாய் காயும்" என்றாள் பெரியம்மா.

"குழாய் மண்ணுக்குள்ள போகுதே அக்கா."

அவர் சாப்பிட உட்கார்ந்தார், ஆனால் தட்டில் கை வைக்கவில்லை. பையிலிருந்து அளவைத் தாள்களை எடுத்தார். கடைசியாக எடுத்த அளவுகளில் தூரத்து ஆணிகள் எல்லாமே ஒரே அளவு இறங்கியிருந்தன. பேருந்து நிலையம், ஆற்றங்கரை, அதையும் தாண்டி இருந்த செங்கல் சூளை, எல்லாம்.

"ஒரு நிலம் இறங்கினா நடுவுல அதிகமா இறங்கும், ஓரத்துல குறையும். சூளையும் பேருந்து நிலையமும் பேசி வச்சுக்கிட்ட மாதிரி ஒரே அளவு எப்படி இறங்கும்?"

"நீங்கதான் சொல்லணும். படம் போடறவரு நீங்கதானே" என்றாள் பெரியம்மா.

"ரயில்ல உக்காந்திருக்கோம். பக்கத்து ரயில் பின்னால போற மாதிரி தெரியும். நிஜத்துல நம்ம ரயில் கிளம்பியிருக்கும்." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவங்க யாரும் இறங்கல அக்கா. பூஜ்யம் ஏறுது."

அப்பா தண்ணீர்ச் செம்பை எடுத்து, அதைப் பார்த்துவிட்டு, குடிக்காமல் கீழே வைத்தார்.

பெரியம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "என் கையில வந்த எண்ணு தப்புங்கறீங்களா?"

"ஒரு எண்ணுகூடத் தப்பில்ல. அதான் பயமா இருக்கு. இந்த வாரத்து அதிர்வெல்லாம் இந்தப் பக்கம் நகர்ந்திருக்கு. ஆழமும் குறையுது."

"வந்து ஆறு மாசம் ஆகல. இந்தப் பாறையைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்கறீங்க. சாப்பிடுங்க முதல்ல."

அவர் சாப்பிட்டார். அவள் பரிமாறினாள். ஆனால் குழம்பு ஊற்றும்போது அவள் கை ஓர் இடத்தில் நின்றதை நான் பார்த்தேன். அவள் பின்வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் நடந்ததை ஜீப் ஓட்டுநர் பிற்பாடு எங்களுக்குச் சொன்னார். ஆற்றுக்கு அப்பால், பிளவை விட்டு வெகுதூரத்தில், பழைய கருங்கல் பாலத்தின் அடியில் ஓர் ஆணி உண்டு. மேல்தெரு ஆணியைப் பதித்த காலத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரியம்மாவே அளந்திருந்தாள். அதற்கப்புறம் யாரும் அங்கே போகவில்லை. பூஜ்யத்தைப் போய் யார் சரிபார்ப்பார்கள்? அவள் வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு அங்கே போனாள். அளந்தாள். திரும்பி வந்து பின்வாசலில் அளந்தாள். மறுபடி பாலம், மறுபடி பின்வாசல்.

"இன்னொரு நடை போகலாம்னாங்க" என்றார் ஓட்டுநர். "நான் டீசல் இல்லம்மான்னு பொய் சொன்னேன். அவங்க மூஞ்சியைப் பாக்க முடியல. எப்பவும் என்னை அசையாதேன்னு திட்டுவாங்க இல்ல, அன்னிக்கு ஒரு வார்த்தை இல்ல. நான் கதவைப் படார்னு சாத்தினேன், அதுக்கும் இல்ல. ஏன்னா எவ்வளவு ஆடினாலும் மறைக்க முடியாத அளவுக்கு வித்தியாசம் இருந்துச்சாம். வாத்தியார்தான் சொன்னாரு."

பின்வாசல் படி ஒரு முழத்துக்கு மேல் எழும்பியிருந்தது. தெருவே சேர்ந்து எழும்பியதால் யாருக்கும் தெரியவில்லை.

பெரியம்மா உள்ளே வந்தபோது அம்மா சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பெரியம்மா குழாயைத் திறந்து கையை நீட்டினாள். உடனே இழுத்துக்கொண்டாள்.

"கிளம்பணும்டி."

"எங்க?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம். இந்தத் தெருவுக்கு அடியிலதான் வருது. நான் தலைகீழா பாத்துட்டேன்."

அம்மா கத்தியைக் கீழே வைக்கவில்லை. "அங்க இருக்காதேன்னே. வந்தேன். கடையை வித்தோம். இருபது வருஷமா அவர் நின்ன கடை. இப்ப இங்க இருக்காதேங்கற. நாளைக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் வந்து இன்னொண்ணு சொல்லுவ."

"சொல்லுவேன். தெரிஞ்சா சொல்லுவேன்."

"நான் வரல."

"நான் தப்புப் பண்ணிட்டேன்டி. உன்னைக் கூட்டிட்டு வந்து இது மேல உக்கார வச்சுட்டேன்."

பெரியம்மா தப்பு என்ற சொல்லைத் தன்னைப் பற்றிச் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை. அம்மாவும் கேட்டதில்லை. ஆனாலும் அவள் தலை நிமிரவில்லை. "எனக்கு மூட்டை கட்டத் தெம்பில்லக்கா. நீ போ" என்று மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். கத்தி பலகையில் சீராக விழுந்துகொண்டிருந்தது.

பெரியம்மா படுக்கையறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கும் சத்தம் கேட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு சமையலறை வழியாக வந்தாள். பேட்டரியைக்கூட மாட்டவில்லை, சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. காய்ச்சலில் கிடந்தபோதும், கூரை ஒழுகிக் கட்டிலை நகர்த்தியபோதும் அவள் அதை அணைய விட்டதில்லை. அம்மா அந்த இருண்ட விளக்கைப் பார்த்தாள். நறுக்கின காயை அப்படியே பலகையில் விட்டுவிட்டுத் துணிகளை அள்ளப் போனாள்.

அலுவலகம் அன்று மாலையே மேல்தெருவைக் காலி செய்யச் சொன்னது. தெரு கேட்கவில்லை. கீழ்த்தெருவிலிருந்து வந்தவர்கள் சிரித்தார்கள், சிலர் கையை ஓங்கினார்கள். பெரியம்மா வாசல் வாசலாக ஏறி இறங்கினாள். நானும் கூடப் போனேன். தையல்காரர் எந்திரத்தை விட்டு எழவே இல்லை.

"அசையாதக்கா வந்து அசையச் சொன்னா எப்படி?" என்றார். அன்று அவர் சிரிக்கவில்லை. "உங்க பேச்சைக் கேட்டுத்தான் இந்த இடத்தை வாங்கினேன். கெட்டிப் பாறைன்னு நீங்கதான் சொன்னீங்க."

"நான்தான் சொன்னேன். இப்பவும் நான்தான் சொல்றேன். எழுந்திருங்க அண்ணே."

"வீட்டுக்காரியை அனுப்பறேன். பள்ளிக்கூடத்துச் சீருடை மொத்தமும் என் தலையில இருக்கு. முடிச்சுட்டு வர்றேன்."

அவர் மனைவி எங்கள் ஜீப்பில் ஏறினாள். மடியில் எந்திரத்தின் மேல்பாகம் ஒன்றை வைத்திருந்தாள், பழசு, வேலை செய்யாதது. தெருவில் பாதி வீடுகள் காலியாயின. பெரியம்மா மறுநாளும் அதற்கு மறுநாளும் போனாள். இன்னும் சிலர் வந்தார்கள். போலீஸ் வந்து சிலரை இழுத்து வந்தது. இழுக்கிறவர்கள் அசந்த நேரத்தில் சிலர் திரும்பிப் போனார்கள். தையல்காரரும் அப்படித் திரும்பிப் போனார்.

நிலம் பிளந்தது பட்டப்பகலில். நாங்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தோம். முதலில் நெருப்பு இல்லை. மேல்தெரு நெடுக வெள்ளையாக ஆவி எழுந்தது, யாரோ ஒரு நீளத் துணியை உதறிக் காயப்போட்டதுபோல. பின்வாசல்கள் இருந்த வரிசையில் சரியாக ஓடியது. பிறகு மின்கம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. சத்தம் தாமதமாக வந்தது. ஆவி கறுத்து, அடியில் சிவப்புத் தெரிந்தபோது தையல்காரரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பெரியம்மா அவளுக்குப் பக்கத்தில் வரவில்லை. கொஞ்சம் தள்ளி, பாலத்தின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள்.

தையல்காரரோடு சேர்த்து ஒன்பது பேர் வரவில்லை.

கீழ்த்தெருவில் சாம்பல் மட்டும் விழுந்தது. அப்பாவின் கடை அப்படியே நின்றது. வாங்கினவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு அடுத்த வாரமே திறந்துவிட்டார். அப்பா ஒருநாள் போய் அங்கே வாடிக்கையாளராக உட்கார்ந்து முடி வெட்டிக்கொண்டு வந்தார். "ஒரு பக்கம் ஏத்திட்டான்" என்று மட்டும் சொன்னார்.

பெரியம்மா வேலையை விடவில்லை. விசாரணை நடந்தது. வாத்தியார் அவளுக்காகப் பேசினார், அலுவலகமே பூஜ்யத்தைச் சரிபார்க்க மறந்தது என்றார். அவள் அதற்கு நன்றி சொன்னதாகத் தெரியவில்லை. இப்போது அவளுடைய சுற்று பாலத்தடி ஆணியில் தொடங்குகிறது. அந்த ஆணியையும் நம்பாமல், மலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஆணியோடு மாதாமாதம் ஒப்பிட்டுப் பார்க்கிறாள். அந்த இன்னொன்றை எதோடு ஒப்பிடுவது என்று வாத்தியாரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். தையல்காரரின் மனைவி வசிக்கும் தெருவிலும் ஓர் ஆணி இருக்கிறது. அங்கே அளக்கப் போகும்போது அவள் யாரையும் சத்தம் போடுவதில்லை. எல்லோரும் வீட்டுக்குள் போகும்வரை பெட்டியைப் பிடித்தபடி நிற்கிறாள்.

போன மாதம் எங்களுக்கு ஆற்றோரமாக இரண்டறை வீடு ஒன்று கிடைத்தது. சாமான்களை இறக்கினோம். பெரியம்மா வேலை முடிந்து நேராக அங்கே வந்தாள். சுவரைத் தட்டிப் பார்த்தாள். கதவுகளைத் திறந்து மூடினாள். சமையலறைக் குழாயைத் திறந்து, நெடுநேரம் தண்ணீருக்கடியில் கையை வைத்திருந்தாள்.

அம்மா நடுக்கூடத்தில் மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு அவளையே பார்த்தாள். அந்தப் பகலுக்குப் பிறகு இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை.

"இங்க இருக்கலாமாக்கா?"

பெரியம்மா குழாயை மூடினாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். சொல்லலாமா என்று யோசிக்கிற மாதிரி தரையைப் பார்த்தாள்.

"இன்னிக்கு இருக்கலாம்."

அம்மா ஒரு மூட்டையை மட்டும் அவிழ்த்தாள்.